ஒரே குழாய் ராஜாவும் சுட்டியாட்டின் சினையும்

வாருங்கள், உட்காருங்கள். மலைகளெல்லாம் இன்னும் உயரமாக இருந்த காலத்தில் விசயமாறன் என்று ஒரு ராஜா இருந்தான். நல்லவன்தான். ஆனால் "எல்லோருக்கும் ஒரே அளவு" என்பதுதான் நீதி என்று பிடிவாதமாக நம்பினான்.

மல்லனுக்கும் ஒரு படி சோறு, பால்குடி மறந்த பிள்ளைக்கும் ஒரு படி சோறு. யானைப்பாகனுக்கும் பூக்கட்டுகிறவளுக்கும் ஒரே நீளத்தில் செருப்பு கொடுத்தானாம். நான் பார்த்ததில்லை, ஆனாலும் நம்புகிறேன்.

ஆடுகளுக்கும் அதே கதிதான். ஆடி பிறந்தால் அரண்மனை ஆட்கள் குடற்புழு மருந்தோடு ஊர் ஊராக வருவார்கள். கிடாயோ, குட்டியோ, சினையாடோ, வாயைப் பிளந்து ஒரு மூங்கில் குழாய் நிறைய ஊற்றிவிட்டுப் போவார்கள்.

அந்த நாட்டில் பொம்மக்கா என்று ஒரு ஆட்டுக்காரி. முதல் வருஷம் அவள் குழாய்க்குப் பணிந்தாள். சினை கலைந்து குட்டிகள் செத்து விழுந்தன. அடுத்த வருஷம் சினையாட்டைப் புதருக்குள் ஒளித்தாள். புழு ரத்தத்தை உறிஞ்சி, தாடைக்கு அடியில் நீர் கோத்து, ஆடே செத்தது. மூன்றாம் வருஷம் குழாயைப் பிடுங்கிக்கொண்டு நேரே அரண்மனைக்கு நடந்தாள்.

"மகாராஜா, உங்க குழாய் என் குட்டிகளைக் கொன்னுச்சு. என் பயம் என் ஆட்டைக் கொன்னுச்சு. இப்போ நெத்தியில வெள்ளை விழுந்த என் சுட்டியாடு சினையா இருக்கு. எனக்கு ரெண்டும் வேண்டாம்!"

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

"வேறென்ன செய்வாய்?"

"தெரியலை. கேட்டுத் தெரிஞ்சுக்கிறேன்."

"சரி. தாயும் குட்டியும் பிழைத்தால் இனி உன் சொல்தான் சட்டம். இல்லையென்றால் உன் மந்தை முழுவதும் அரண்மனைப் பட்டிக்கு வரும்."

மந்தை போனால் அவளுக்குக் கஞ்சிகூடக் கிடையாது. ஆனாலும் சம்மதித்தாள்.

நேரே அரண்மனை வைத்தியரிடம் போய்க் கேட்டாள். கிழவர் குதித்து எழுந்தார்.

"இத்தனை வருஷத்துல ஒருத்தரும் என்கிட்ட கேக்கலையே, தாயி! நாம காய்ச்சுறது வலுத்த மருந்து. கரு பிடிக்கிற காலத்துல அது உள்ளே போனா கலைச்சிடும். சினைக்குன்னு இளமருந்து இருக்கு. அதையும் எடை பார்த்துக் குடுக்கணும். கூடினா ஆட்டுக்கு ஆகாது, குறைஞ்சா புழு சாகாது."

கரு நன்றாகத் தரிக்கட்டும் என்று பொம்மக்கா காத்திருந்தாள். பனி ஈரம் காயும்வரை சுட்டியைப் புல்லில் விடவில்லை, ஈரப்புல்லில்தான் புழு ஏறி உட்கார்ந்திருக்கும். தினமும் அதன் கண்ணிமையைப் புரட்டிப் பார்த்தாள். புழு ரத்தத்தை உறிஞ்சினால் இமை வெளுக்கும், இமைக்குள் சிவப்பாக இருக்கும்வரை பயமில்லை. அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? "ஆட்டோட கண்ணுல என்னடி தேடுறே, புதையலா?" என்றார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

கரு நன்றாகத் தரித்த பிறகு ஒருநாள் இமை வெளுக்கத் தொடங்கியது. உடனே சுட்டியைத் தூக்கிப்போய் உப்பு வியாபாரியின் பெரிய தராசில் உட்கார வைத்தாள். மறுதட்டில் உப்பு மூட்டைகள். ஆடு கத்தியது, வியாபாரி தலையில் அடித்துக்கொண்டான். அந்த எடைக்கு வைத்தியர் அளந்து தந்த இளமருந்தை, வயிற்றை அழுத்தாமல், தலையை மேலே தூக்கிப் பிடிக்காமல், விழுங்க விழுங்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். நாளாக ஆக இமை மறுபடி சிவந்தது.

சுட்டிக்கு ஈற்று வலி வந்த அன்று ராஜாவே வந்துவிட்டான். மந்தையை ஓட்டிப்போகக் கயிறுகளோடு ஆட்களும் நின்றார்கள்.

முதல் குட்டி விழுந்தது, காதை உதறியது. இரண்டாவது விழுந்தது, உடனே எழப் பார்த்தது. மூன்றாவது அசையவே இல்லை. பொம்மக்கா அதன் மூக்கைத் துடைத்தாள், மார்பைத் தேய்த்தாள், "எழுந்திரு சாமி, எழுந்திரு" என்று அழுதாள். ராஜா தன் பட்டு அங்கவஸ்திரத்தை உருவிக் கொடுத்தான். அதைச் சுற்றித் தேய்த்ததும் குட்டி ஒரு தும்மல் போட்டது பாருங்கள், ஊரே ஆர்ப்பரித்தது! சுட்டி மூன்றையும் நக்கிக்கொடுத்தது.

கயிறு கொண்டுவந்த ஆட்களே பொம்மக்காவைத் தோளில் தூக்கினார்கள். பறை முழங்கியது.

"ஜெயித்தாய், பொம்மக்கா! இனி உன் சொல்தான் சட்டம். சொல், ஒரு ஆட்டுக்கு எவ்வளவு மருந்து?" என்றான் ராஜா.

தோள்மேல் இருந்தபடியே அவள் கேட்டாள்: "எந்த ஆட்டுக்கு, மகாராஜா?"

ராஜா திகைத்தான். பிறகு கண்ணில் நீர் வர வாய்விட்டுச் சிரித்தான். அந்தக் கேள்வியே அன்றிலிருந்து நாட்டின் சட்டமானது.

ஆகவே கேட்டவர்களே, எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பது நீதி ஆகாது, அவரவர் நிலை அறிந்து கொடுப்பதே நீதி.