பன்னிரண்டு சென்டிமீட்டர் காற்று

“இந்த முன் சக்கரம் என்னைக் கொல்லப் பார்க்குது” என்றான் தண்டபாணி.

ஸ்டெல்லா வண்டியைப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை.

தண்டபாணிக்கு நாற்பத்திரண்டு வயது. பதினாறு வருஷமாக மண் பாதையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறவன். போன வருஷம் பெரிய மேட்டில் தாவி இறங்கும்போது வண்டியின் முன்பக்கம் குத்தி நின்றது. அவன் பறந்துபோய் விழுந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு ஓடிய நான்கு பந்தயங்களில் ஒன்றைக்கூட அவன் முடிக்கவில்லை. பாதியிலேயே ஓரங்கட்டிவிடுவான். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் முடிக்காவிட்டால், அணியில் அவன் இடம் வேறொருவனுக்குப் போய்விடும்.

ஸ்டெல்லாவுக்கு இருபத்தெட்டு. சூலூரைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில் பந்தய வண்டிகளுக்கு ஷாக் அப்சார்பர் வேலை மட்டும் பார்ப்பாள். பந்தயக்காரர்கள் அவளை ‘வாத்தியார்’ என்பார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். பிறகு கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

“ஃபோர்க் ஆயில் எப்பங்கண்ணா மாத்துனீங்க?”

“டயர் மாத்திட்டேன். ஹேண்டில்பார் மாத்திட்டேன். நாலு மெக்கானிக்கை மாத்திட்டேன்.”

“ஆயில்?”

தண்டபாணி குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தான்.

ஸ்டெல்லா ஒரு ஸ்பேனரை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“நானா?”

“நீங்கதானுங்களே ஓட்டறது?”

வண்டியைத் தூக்கிக் கட்டையில் நிறுத்தினான். முன் சக்கரத்தைக் கழற்றினான். முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் குழாய்களான ஃபோர்க்குகள் இரண்டையும் உருவி, மூடியைத் திறந்து, ஸ்பிரிங்கை எடுத்தான். ஒன்றை ஒரு பழைய வாளியில் கவிழ்த்தான்.

கறுப்பாக வந்தது. அழுகின மீன் வாடை அடித்தது.

“இதை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் தாவுனேன்?”

“இன்னும் வரும்” என்றாள்.

ஃபோர்க்கை மேலும் கீழும் இழுத்தான். வந்தது.

“முடிஞ்சுது.”

“இன்னும் வரும்.”

வந்தது.

வெயில் ஏறியபோது இரண்டும் காலியாகியிருந்தன. புது ஆயில் டப்பாவைத் திறந்தான். நன்னாரி சர்பத் நிறம்.

“எவ்வளவு ஊத்தறது?”

“ஃபோர்க்கை முழுசா அமுக்கிக்கங்க. விளிம்புல இருந்து பன்னெண்டு சென்டிமீட்டர் கீழ நிக்கோணும்.”

“அதுக்கு மேல?”

“காத்து.”

“சும்மாவா?”

ஸ்டெல்லா டீ வாங்கப் போய்விட்டாள்.

தண்டபாணி ஊற்றினான். டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தான். ஆயிலுக்கு மேலே ஒரு சாண் கூட இல்லாத வெற்றிடம். அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு, நான் விழப்போகிற இடம் இதுதான் என்று தோன்றியது.

டப்பாவைச் சாய்த்தான். ஏறக்குறைய விளிம்பு வரைக்கும் ஊற்றினான். இரண்டிலும்.

அவள் வருவதற்குள் ஸ்பிரிங்கைப் போட்டு மூடிவிட்டான். டீயைக் குடித்துவிட்டு ஃபோர்க்குகளையும் சக்கரத்தையும் பூட்டினான். கொட்டகைக்குப் பின்னால் ஓட்டிப் பார்க்க மண்மேடுகள் இருந்தன. வண்டியைக் கிளப்பினான்.

சின்ன மேட்டில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மேட்டில் தாவினான். இறங்கும்போது ஃபோர்க் பாதி வரை போய், கல் மாதிரி நின்றுவிட்டது. அடி அப்படியே தோளுக்கு வந்தது. ஹேண்டில்பார் கையைவிட்டு எகிறியது.

செம்மண்ணில் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் வண்டி படுத்தபடியே உறுமிக்கொண்டிருந்தது.

ஸ்டெல்லா வந்து எஞ்சினை அணைத்தாள்.

“எலும்பு?”

“ஒண்ணுமில்லை.”

“எவ்வளவுங்கண்ணா ஊத்துனீங்க?”

“கொஞ்சம் சேர்த்து.”

“எதுக்குங்க?”

அவன் வானத்தைப் பார்த்தான்.

“பயமா இருந்துச்சு, ஸ்டெல்லா.”

ஒரு வருஷமாக அந்த வார்த்தையை அவன் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம் வலி என்றான். மனைவியிடம் வேலை அலுப்பு என்றான். நான்கு மெக்கானிக்குகளிடமும் முன் சக்கரம் என்றான்.

ஸ்டெல்லா கொட்டகைக்குள் போய், மெல்லிய குழாய் மாட்டிய ஒரு பெரிய சிரிஞ்சைக் கொண்டுவந்து அவன் நெஞ்சின்மேல் வைத்தாள்.

“எடுத்துருங்க.”

“எதை?”

“சேர்த்து ஊத்துனதை.”

மறுபடி கட்டை. மறுபடி சக்கரம். மறுபடி மூடியும் ஸ்பிரிங்கும். சிரிஞ்சால் உறிஞ்சி உறிஞ்சி எடுத்தான். பிறகு ஸ்டெல்லா அவன் உள்ளங்கையைப் பிடித்து ஃபோர்க்கின்மேல் வைத்தாள்.

“மெதுவா அமுக்குங்க.”

அமுக்கினான். நடுவில் ஒரு இடத்தில் விடுக்கென்று வழுக்கியது.

“என்னது?”

“உள்ள காத்துக் குமிழி.”

“காத்து வேணும்னியே!”

“அடியை வாங்கிக்க மேல வேணுங்க. நடுவுல கூடாது.”

“போயிருச்சுன்னு எப்படித் தெரியும்?”

ஸ்டெல்லா அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டாள்.

தண்டபாணி அமுக்கினான். இழுத்தான். அமுக்கினான். இருபது தடவை. நாற்பது தடவை. அவசரப்பட்டால் குமிழி கூடியது. மெதுவாகச் செய்தால் குறைந்தது. எண்ணுவதை எப்போது விட்டான் என்று அவனுக்கே தெரியாது. திடீரென்று அந்த வழுக்கல் இல்லை. மேலிருந்து கீழ் வரை ஒரே கனம். இட்லி மாவுக்குள் கை இறங்குவதுபோல.

“போயிருச்சு!” என்று கத்தினான். “வாத்தியாரே, போயிருச்சு!”

அவள் வந்து ஸ்கேலை உள்ளே விட்டாள். ஆயில் பன்னிரண்டுக்கும் ஒரு நூல் கீழே நின்றது. அவனே பார்த்து ஊற்றினான். அவனே நிறுத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை இருபத்திரண்டு வண்டிகள். முதல் வளைவில் தண்டபாணி பதினோராவது.

முதல் சுற்றில் பெரிய மேடு வந்ததும், வழக்கம்போல ஆக்சிலேட்டரைக் குறைத்தான். முன்பக்கம் தலைகுனிந்தது. எப்படியோ இறங்கினான்.

இரண்டாவது சுற்றில் கை குறைக்கப் போனது. பாதியில் நின்றது. பயம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று முறுக்கினான்.

வண்டி மேலே போனது.

கீழே வந்தபோது ஃபோர்க் அடியை வாங்கிக்கொண்டு, மெதுவாக இறங்கி, மெதுவாக எழுந்தது. தோளுக்கு ஒன்றும் வரவில்லை. ஹெல்மெட்டுக்குள் யாரோ கூச்சல் போட்டார்கள். அது அவன்தான்.

ஏழாவது ஆனான். பிறகு நான்காவது.

கடைசிச் சுற்றில் முன்னால் மூன்று பேர். ஒருவனை வளைவில் முந்தினான். பெரிய மேட்டில் மற்ற இருவரும் வேகத்தைக் குறைத்தார்கள். தண்டபாணி குறைக்கவில்லை. இருவரையும் காற்றிலேயே தாண்டி, அவர்களுக்கு முன்னால் இறங்கினான்.

கட்டம் போட்ட கொடி ஆடியது. மைக்கில் அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி ஒருவருக்குத் தொண்டை கட்டிப்போனது. அணிக்காரர்கள் அவனை வண்டியோடு சேர்த்துத் தூக்கப் பார்த்தார்கள்.

கோப்பையை யார் கையிலோ கொடுத்துவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஸ்டெல்லாவிடம் ஓடிவந்தான். முகமெல்லாம் செம்மண். பல் மட்டும் தெரிந்தது.

“கடைசியாத் தாவுனப்ப மேல இருந்து என்னென்ன தெரிஞ்சுது தெரியுமா? தென்னந்தோப்பு அந்தக் கடைசி வரைக்கும் தெரிஞ்சுது. ஒரு மொட்டை மாடியில யாரோ மஞ்சள் புடவை காயப்போட்டிருந்தாங்க. அது அப்படியே காத்துல எழும்புச்சு. நானும் அதுவும் ஒரே உசரத்துல இருந்தோம்!”

“சரிங்கண்ணா” என்றாள் ஸ்டெல்லா. “முன் சக்கரம் எப்படி இருந்துச்சு?”

தண்டபாணி அவளைப் புரியாமல் பார்த்தான்.

“எந்த முன் சக்கரம்?”