நத்தை வீட்டுக்கு ஒரு வண்டி

அல்லிக்குளம் வற்றிக்கொண்டிருந்தது. அதில் ஒரு நத்தைக் குடும்பம் இருந்தது. அப்பா சங்கப்பன், அம்மா சுருளாயி, பிள்ளைகள் பதினொன்று. பிள்ளைகளுக்கு இன்னும் ஓடு முற்றவில்லை. லேசாக அழுத்தினாலே அப்பளம்போல் நொறுங்கிவிடும்.

குளம் வற்றப்போகிறது என்று யாரும் முறைப்படி அறிவிக்கவில்லை. ஆனால் கரையில் நத்தைகுத்தி நாரைகள் வந்து இறங்கின. முதல் நாள் ஒன்று, மறுநாள் மூன்று. நத்தையைக் குத்தித் தின்பதால்தான் அவற்றுக்கு அந்தப் பெயர். இதைவிடத் தெளிவான அறிவிப்பு தேவையில்லை.

காட்டுக்கு அப்பால் பெரிய ஏரி ஒன்று இருந்தது. எந்தக் கோடையிலும் அங்கே தண்ணீர் நிற்கும். ஆனால் வழியில் ஒரு முள்காடு, ஒரு சேற்றுப்பள்ளம், அதற்கப்புறம் ஒரு பாறைமேடு.

"ஏங்க, நாம நடந்து போனா அடுத்த பொங்கலுக்குத்தான் போய்ச் சேருவோம்" என்றது சுருளாயி.

"அதான் வண்டி பாக்கலாம்னு சொல்றேன்! முள்ளு, சேறு, பாறை எல்லாத்துலயும் போகணும். முக்கியமா, நல்ல வேகம் இருக்கணும்!" என்றது சங்கப்பன்.

சங்கப்பனுக்கு வேகம் என்றால் உயிர். ஒரு தாமரை இலையைக் கடக்க அரை நாள் எடுத்துக்கொள்ளும் பிராணிக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

குளக்கரை ஆலமரத்தடியில் மூசிகநாதன் என்ற பெருச்சாளி வாகன வியாபாரம் செய்துவந்தது. யார் எங்கே போக வேண்டுமானாலும் அதற்கேற்ற விலங்கை அமர்த்திக் கொடுக்கும்.

"வாங்க சார்! வாங்க மேடம்! வாகனம்னா எங்ககிட்டதான் வரணும். பிள்ளையாரையே சுமந்த பரம்பரை நாங்க!"

"அது மூஞ்சூறு இல்லையா?" என்றது சுருளாயி.

"எங்களுக்குச் சித்தப்பா முறை மேடம்!"

"விலை எப்படி?"

"உங்ககிட்ட விலை பேசுவேனா? குளத்துச் சேத்துல தாமரைக்கிழங்கு எங்கெங்க இருக்குன்னு காட்டிட்டுப் போங்க, அது போதும்."

உடனே சங்கப்பன், "எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்டது. அதே நேரத்தில் சுருளாயி, "பிள்ளைங்க எங்க உட்காரும்?" என்று கேட்டது. மூசிகநாதன் தொழிலில் பழுத்தது. முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது.

"வேகமா? மின்னல், வாடா இங்க!"

ஒரு முயல் வந்து நின்றது. நின்றது என்று சொல்வது தப்பு. நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் சொல்லுங்க, எங்க போகணும், சீக்கிரம்!" என்றது முயல்.

"பதினோரு பிள்ளைங்க எங்கப்பா உட்காரும்?" என்றது சுருளாயி விடாமல்.

"இந்தக் காதுல அஞ்சு, அந்தக் காதுல அஞ்சு" என்றது மூசிகநாதன்.

"மிச்சம் ஒண்ணு?"

"மடியில வெச்சுக்கலாமே மேடம்!"

நத்தைக்கு மடி கிடையாது. சுருளாயி அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் சங்கப்பன் முயலின் முதுகில் ஏறிவிட்டது. ஏறி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எல்லாரும் காத்திருந்தார்கள்.

"ஒரு ரவுண்டு போய்ப் பாக்கலாம், விடு!"

முயல் முதல் தாவல் தாவியது. முயல் முன்னால் போனது. சங்கப்பன் மேலே போனது. பிள்ளைகள் கைகொட்டாத குறையாகக் கத்தினார்கள். "அப்பா பறக்கறாரு! அப்பா பறக்கறாரு!"

முயல் காட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "எப்படி சார் இருந்தது?" என்று திரும்பிப் பார்த்தது. முதுகில் ஆள் இல்லை. தூரத்து எருக்கஞ்செடியிலிருந்து குரல் கேட்டது.

"வண்டி அருமை! ஆனா ஏறினவங்களை வண்டியிலயே வெச்சிருக்க ஏதாவது வழி பண்ணணும்!"

மறுநாள் ஒரு குரங்கு வந்தது. மரத்திலும் ஓடும் என்று சொல்லி மூசிகநாதன் அதைக் கொடுத்தது. ஓடியது. ஆனால் அத்திமரத்தைப் பார்த்ததும், எதற்காகப் புறப்பட்டோம் என்பதைக் குரங்கு மறந்துவிட்டது. சங்கப்பன் சாயங்காலம் வரை அதன் முதுகில் தலைகீழாகத் தொங்கியது. நடுவில் குரங்கு அதைப் பேன் என்று நினைத்து இரண்டு தடவை கிள்ளிப் பார்த்தது.

மூன்றாம் நாள் காலை. பக்கத்து வீட்டு நத்தையின் ஓடு கரையில் கிடந்தது. உள்ளே ஆள் இல்லை.

நாரைகள் ஒன்பதாகியிருந்தன. பிள்ளைகள் மிச்சமிருந்த தண்ணீரில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. சுருளாயி ஆலமரத்தடிக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தது.

"உங்களுக்காகவே நிறுத்தி வெச்சிருந்தேன் சார்" என்றது மூசிகநாதன். "பாருங்க, கரும்பாறை!"

எருமைக்கடா ஒன்று வந்து நின்றது. மரத்தடி இருண்டது. சங்கப்பனின் கண்கள் அளவுக்கு மீறி வெளியே நீண்டன.

"முதுகைப் பாருங்க சார், மைதானம்! பதினொண்ணு என்ன, நூத்திப் பதினொண்ணு உட்காரலாம். முள்ளு குத்தாது. பாறை வழுக்காது. சேத்தைக் கண்டா நிக்கவே நிக்காது!"

"முடிவு பண்ணிட்டேன்!" என்றது சங்கப்பன். "இதுல போய் ஏரியில இறங்கினா, அங்க இருக்கற நத்தைங்க எல்லாம் வயிறெரிஞ்சு சாகும்!"

"நாம அங்க போறது வயிறெரிய வைக்கறதுக்கா?" என்றது சுருளாயி.

மூசிகநாதன் சட்டென்று ஆவாரம்பூ மாலை ஒன்றைக் கொண்டுவந்து எருமையின் கழுத்தில் போட்டது. எருமை மாலையைத் தின்றது. மூசிகநாதன் ஒவ்வொரு குளம்புக்கு முன்னாலும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தது. எருமை குனிந்து மூன்றைத் தின்றுவிட்டு, நாலாவதை மட்டும் மிதித்தது. சகுனத்துக்கு அது போதும் என்று மூசிகநாதன் சொல்லிவிட்டது.

"ஏறுங்க, ஏறுங்க, நல்ல நேரம் போகுது!"

சங்கப்பன் வால் வழியாக மேலே ஏறியது. பிள்ளைகள் அதற்குள் சண்டையை ஆரம்பித்துவிட்டன.

"கொம்புப் பக்கம் எனக்கு!"

"நீதானே போன தடவை மரக்கட்டையில முன்னாடி உட்கார்ந்த!"

"அம்மா, இவன் என்மேல ஒட்டறான்!"

"நத்தைன்னா ஒட்டத்தான் செய்யும். கொஞ்சம் சும்மா இருங்க!" என்றது சுருளாயி. பிறகு மூசிகநாதன் பக்கம் திரும்பியது. "அண்ணே, உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"உங்க ஆசீர்வாதம், எட்டு மேடம்."

"அப்போ அந்த எட்டையும் இதுல ஏத்தி, சேத்துப்பள்ளம் வரைக்கும் ஒரு சுத்து போய்ட்டு வாங்களேன். பாத்துட்டு என் பிள்ளைங்களை ஏத்தறேன்."

மூசிகநாதனின் மீசை இரண்டு பக்கமும் தொங்கியது.

"அவங்களுக்குப் பரீட்சை மேடம்."

"எட்டுக்குமா?"

"நாலுக்குப் பரீட்சை. மீதிக்குச் சளி."

"யாருக்குச் சளி?" என்று பொந்துக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. மூசிகநாதனின் மனைவி மாணிக்கவல்லி. எருமையைப் பார்த்ததும் அதன் குரல் உயர்ந்தது. "என்னது? இந்த எருமை மேல என் பிள்ளைங்களா? போன மாசம் உங்க தம்பியை ஏத்திட்டுப் போய்ச் சேத்துல புரண்டுச்சே, அதுக்குள்ள மறந்துபோச்சா? அவன் இன்னும் தோசை மாதிரிதான் கிடக்கான்! திருப்பிப் போடவே ரெண்டு பேர் வேண்டியிருக்கு!"

சுருளாயி மெதுவாகக் கேட்டது. "சேத்தைக் கண்டா நிக்காதுன்னு சொன்னீங்களே அண்ணே?"

"நிக்காது மேடம்" என்றது மூசிகநாதன், தரையைப் பார்த்தபடி. "படுத்துக்கும்."

மேலே இருந்த சங்கப்பனுக்கு இதெல்லாம் காதில் விழுந்தது. ஆனாலும் இறங்க மனம் வரவில்லை. "எனக்கெல்லாம் பயம் கிடையாது! பிடிச்சுக்கத் தெரிஞ்சவனுக்கு எந்த வண்டியும் ஒண்ணுதான்! போகலாம், ரைட்!"

எருமை ரைட்டுக்காகக் காத்திருக்கவில்லை. அது எப்போதோ குளத்தோரச் சேற்றைப் பார்த்துவிட்டிருந்தது. நேராகப் போனது. முன்கால் மடக்கியது, பின்கால் மடக்கியது, சாய்ந்தது, புரண்டது. நாலு காலும் வானத்தைப் பார்த்தன. பிறகு ஒரு பெருமூச்சு விட்டது. சங்கப்பன் இருந்த இடத்தில் ஒரு குமிழி வந்து உடைந்தது.

"அப்பா!" என்று பதினொன்றும் ஒரே குரலில் கத்தின.

எருமை எழுந்துபோன பிறகு சேறு அசைந்தது. முதலில் ஒரு கண் வெளியே வந்தது, அப்புறம் இன்னொன்று. ஓட்டில் நீளமாக ஒரு கீறல் விழுந்திருந்தது.

"சஸ்பென்ஷன் சரியில்லை" என்றது சங்கப்பன்.

முற்றிய ஓடு என்பதால் கீறலோடு போயிற்று. பிள்ளைகளின் ஓட்டை நினைத்ததும் சுருளாயிக்கு உடம்பெல்லாம் சுருங்கியது. தலைக்கு மேலே நாரையின் நிழல் ஒன்று வட்டமிட்டது. இனி ஒரு நாள்கூடத் தள்ள முடியாது.

"அக்கா" என்று மாணிக்கவல்லியைக் கூப்பிட்டது. "உங்க பிள்ளைங்களை ஏரிக்கு அனுப்பணும்னா நீங்க எதுல அனுப்புவீங்க?"

"நானா? நம்ம செம்பாயி ஆமையிலதான். வேற எதுல?"

"ஐயோ, அது பழைய மாடல் மேடம்!" என்று குறுக்கே விழுந்தது மூசிகநாதன். "இப்போ யாரும் கேக்கறதே இல்லை. அதுல எனக்கும் ஒண்ணும் தேறாது..." பாதியில் வாயை மூடிக்கொண்டது.

ஆலம்விழுதுக்குப் பின்னால் ஒரு நட்சத்திர ஆமை புல் மென்றுகொண்டிருந்தது. புல்லைத் தவிர வேறு எதையும் தின்று பழக்கமில்லாதது. சுருளாயி அருகே போய் வாயைத் திறப்பதற்குள் ஆமையே கேட்டது.

"எத்தனை பிள்ளைங்க?"

"பதினொண்ணு."

"யாருக்காவது வழியில வாந்தி வருமா?"

"எனக்கு!" என்றது கடைக்குட்டி பெருமையாக.

"நீ பின்னாடி ஓரத்துல. சண்டை போடறது யாரு?"

ஒவ்வொரு பிள்ளையும் மற்ற பத்துப் பேரையும் காட்டியது.

"புரிஞ்சுது" என்றது செம்பாயி.

மூன்று நாளில் மூசிகநாதன் பிள்ளைகளைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் சுருளாயிக்கு உறைத்தது. "ஏறுங்கடா!" என்றது.

"ஆமையா?" சங்கப்பன் பதறியது. "போயும் போயும் ஆமையிலயா! நாலு பேர் பாத்தா என்ன நினைப்பாங்க?"

"ஒன்பது நாரை பாத்துக்கிட்டு இருக்கு. அதுங்க என்ன நினைக்குதுன்னு முதல்ல யோசிங்க!"

சங்கப்பன் ஏறிக்கொண்டது. தாமரைக்கிழங்கு இருக்கும் இடத்தைச் சுருளாயி சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டது. மூசிகநாதனிடம் அல்ல, மாணிக்கவல்லியிடம்.

குளக்கரையைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்ததும் பின்னால் இறக்கைச் சத்தம் கேட்டது. நாரை ஒன்று வழியில் வந்து இறங்கியது.

"கழுத்துப் பக்கமா உள்ள வாங்க எல்லாரும்" என்றது செம்பாயி, குரலை உயர்த்தாமல். "கதவைச் சாத்தப்போறேன். தள்ளாம வாங்க. வாந்தி எடுக்கறவன் கடைசியா வா."

பதின்மூன்று நத்தைகளும் ஆமையின் ஓட்டுக்குள் நழுவின. ஆமை தலையை இழுத்துக்கொண்டது. காலையும் இழுத்துக்கொண்டது. வெளியே ஒரு கல்தான் இருந்தது.

டொக்! டொக்! டொக்!

உள்ளே ஒரே இருட்டு. "அம்மா, ஏரி வந்துருச்சா?"

"இல்ல."

டொக்!

"இப்போ?"

"இல்லடா கண்ணு. பேசாம இரு."

நத்தைகுத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். அன்று அது இன்னும் கொஞ்சம் அகன்றது. கல்லோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவது? நாரை அலகைத் தேய்த்துக்கொண்டு பறந்துபோனது.

மூன்று நாள் பயணம். முள்காட்டில் ஆமை முள்ளுக்கு அடியில் புகுந்து போனது. சேற்றுப்பள்ளத்தில் கால் வைத்துப் பார்த்துப் பார்த்து, ஓரமாகவே போனது. பாறைமேட்டில் ஏறும்போது நாலு தடவை நின்று, யாராவது விழுந்துவிட்டார்களா என்று கேட்டது. மேட்டின் மறுபக்கம் சரிவில் இறங்கியபோது சங்கப்பன் கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டு கத்தியது. "மெதுவா! மெதுவா! பிள்ளைங்க இருக்காங்கல்ல, எதுக்கு இந்த வேகம்?"

நாலாம் நாள் விடியலில் ஏரி தெரிந்தது. தண்ணீரைக் கண்டதும் பிள்ளைகள் எல்லாப் பக்கமும் நழுவத் தொடங்கின.

"யாரும் இறங்கக் கூடாது!" என்றது செம்பாயி. "எண்ணுங்கம்மா முதல்ல."

சுருளாயி எண்ணியது. பத்து வந்தது. மறுபடி எண்ணியது. பத்துதான் வந்தது. செம்பாயி வந்த வழியே திரும்பி நடக்கத் தொடங்கியது. அப்போது அதன் பின்னங்காலுக்கு மேலே ஓட்டு விளிம்பிலிருந்து ஒரு கொட்டாவி கேட்டது. கடைக்குட்டி அங்கே ஒட்டிக்கொண்டு தூங்கியிருந்தது.

"பதினொண்ணு!" என்றது சுருளாயி.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு அக்கா."

"அப்போ நான் போய் ஒரு வாய் தண்ணி குடிக்கலாம்ல?" என்றது செம்பாயி. மூன்று நாளாக அது தண்ணீர் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

விற்கிறவன் தன் பிள்ளையை ஏற்றத் தயங்கும் வண்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அதில் நம் பிள்ளையை ஏற்றக் கூடாது.