பெருவிரலில் ஒரு கயிறு

சொர்ணத்தம்மைக்கு முப்பத்தோரு வயது. அவளுடைய சிஷ்யை முப்பிடாதிக்கு முப்பத்தொன்பது. அதனால் சிஷ்யை குருவை "அம்மா" என்பாள். குரு சிஷ்யையை "அக்கா" என்பாள். புதிதாகக் கேட்பவர்கள் சிரிப்பார்கள். அப்புறம் பழகிவிடும்.

குளத்தங்கரையில் ஓடு வேய்ந்த ஒரு சாவடியில் குரு இருந்தாள். சாயங்காலம் நாலைந்து பேர் கூடுவார்கள். குரு பேசுவது குறைச்சல். கேட்டால் பதில் சொல்வாள். சில நாள் அதுவும் இல்லை.

ரெண்டு மாசமாக முப்பிடாதி அந்தப் பக்கமே வரவில்லை. அவள் புருஷன் ஐயம்பெருமாள் லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து இடுப்பெலும்பை ஒடித்துக்கொண்டான். வீட்டில் ஒரு பக்கம் அவன் கட்டில். இன்னொரு பக்கம் தொட்டில். அதில் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து பெற்ற பெண் பிள்ளை, பத்து மாசம். நடுவில் இவள், மடியில் பீடித் தட்டோடு.

ஒரு புதன்கிழமை சாவடிக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அம்மா, நாளைக்கு அவுக தங்கச்சி பொன்னுத்தாய் வாரா. பிள்ளையை அவகூட தூத்துக்குடிக்கு அனுப்பப் போறேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

"எத்தனை நாளைக்கு?"

"அவுக எந்திரிச்சு நடக்கிற வரைக்கும். ஆறு மாசமோ, ஒரு வருஷமோ."

"பிள்ளை ரொம்பத் தொந்தரவா?"

முப்பிடாதி சேலை முந்தியை விரலில் சுற்றினாள்.

"தொந்தரவுன்னா பரவாயில்லையே. சந்தோஷமால்லா இருக்கு! முந்தாநாள் வாயைக் குவிச்சு எச்சியில கொப்புளம் விட்டுச்சு. விழுந்து விழுந்து சிரிச்சேன். அந்தாக்குல திரும்பிப் பாத்தா, அவுக புரள முடியாம பல்லைக் கடிச்சிட்டுக் கிடக்காக. சிரிப்பு தொண்டையிலயே முள்ளு மாதிரி நின்னுட்டு. எதிர்வீட்டுக்காரி வேற, 'புருசன் படுத்த படுக்கையா கிடக்கான், இவ இளிப்பைப் பாரு'ங்கா. சிரிச்சா குத்தம். சிரிக்காட்டி பிள்ளை என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கு. ரெண்டையும் தூக்க எனக்குத் தெம்பு இல்லம்மா. ஒண்ணை இறக்கி வச்சா மத்ததை ஒழுங்காப் பாப்பேன்."

"கஷ்டத்தை இறக்கி வைக்க முடியல. அதனால சந்தோஷத்தை இறக்கி வைக்கே."

"வேற என்ன செய்யச் சொல்லுதீக? உங்களுக்குப் பிள்ளையா குட்டியா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். குருவிடம் இப்படிப் பேசியதே இல்லை. அசதி, வேறொன்றுமில்லை.

குரு கோபப்படவில்லை.

"தெரியாதுதான் அக்கா. நாளைக்குக் காலையில வந்து பாக்கேன்."

மறுநாள் சொன்னபடி வந்தாள். கட்டிலில் ஐயம்பெருமாள் கையை ஊன்றித் தலையைத் தூக்கினான்.

"வாங்கம்மா. எந்திரிக்க முடியல, தப்பா நினைக்காதீக."

"நீங்க எந்திரிச்சா அக்கா என்னை அடிச்சே போடுவா. பேசாமப் படுங்க அண்ணாச்சி."

முப்பிடாதி காலை நீட்டி உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். தொட்டில் கயிற்றின் நுனி அவளுடைய வலது கால் பெருவிரலில் கட்டியிருந்தது. கை இலையை எடுக்கும், தூளை வைக்கும், உருட்டும், பீடியின் வாயை மடக்கும், நூல் சுற்றும். கால் பாட்டுக்குத் தொட்டிலை ஆட்டும். சுவரோரம் பிள்ளையின் துணிமணிப் பை தயாராக இருந்தது.

குரு தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கயிறை இங்க கொடு அக்கா."

"எதுக்கு?"

"பிள்ளை இந்த வீட்ல இல்லைன்னு வச்சுக்கோ. நீ வேலையை மட்டும் பாரு."

"காலங்காத்தால என்ன பேச்சும்மா இது?"

"இன்னைக்குப் பிறகு அப்படித்தானே?"

முப்பிடாதி காலை மடக்கினாள். கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள். குரு அதைத் தன் பெருவிரலில் கட்டிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தாள். தொட்டில் சுவரில் முட்டப் போனது. பிள்ளை சிணுங்கியது.

"மெதுவாம்மா! மாவா ஆட்டுதீக?"

"பழக்கம் இல்லையே."

நாலைந்து இழுப்பில் பழகிவிட்டது. பிள்ளை தூங்கியது.

முப்பிடாதி இலையை எடுத்தாள். ரெண்டு மாசத்தில் முதல் தடவையாக ரெண்டு காலும் சும்மா கிடந்தன. நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு கட்டு முடிந்தது. ரெண்டாவது கட்டும் முடியப் போனது. இதுதான் சரி, ஒன்றை இறக்கி வைத்தால் மற்றது தானாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம். புருஷன் வலியில் முனகுகிறான் என்று பதறித் திரும்பினாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிக்கச் சிரிக்க இடுப்பு வலித்து "அம்மா, அம்மா" என்றான். அப்படியும் நிறுத்தவில்லை.

"எதுக்கு இப்படிச் சிரிக்கீக? வலிக்கலையா?"

"வலிக்கு. அதுக்காக? ஏட்டி, உன் காலைப் பாரு!"

பார்த்தாள். கயிறு இல்லாத பெருவிரல் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது. தொட்டில் போகும்போது போனது, வரும்போது வந்தது. இடது காலால் அதை அமுக்கிப் பிடித்தாள். நின்றது. இன்னொரு இலையை எடுத்துத் தூள் வைத்தாள். எப்போது தொடங்கியதோ தெரியவில்லை, மறுபடியும் ஆடிக்கொண்டிருந்தது.

"தூக்கத்துலயும் இப்படித்தாம்மா," என்றான் ஐயம்பெருமாள். "விரல் பீடி சுத்துது. கால் தொட்டில் ஆட்டுது. நான் பாத்துக்கிட்டே கிடப்பேன். எனக்கும் பொழுது போகணும்லா."

முப்பிடாதி அவனைப் பார்த்தாள். பிள்ளையை அனுப்புவது பற்றி இன்றுவரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இவளும் கேட்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். பொன்னுத்தாய் வேர்த்து வழிய உள்ளே வந்தாள்.

"மதினி, எல்லாம் எடுத்து வச்சாச்சா? பதினோரு மணி பஸ்சை விட்டா அப்புறம் சாயங்காலந்தான். என்னண்ணே, நீ என்ன சிரிச்சுக்கிட்டுக் கிடக்கே?"

பொன்னுத்தாய் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

முப்பிடாதி மடியிலிருந்த தட்டை இறக்கி வைத்தாள்.

"அம்மா, சொல்லுங்க. அனுப்பவா, வேண்டாமா?"

குரு தன் பெருவிரலில் இருந்த முடிச்சை மெதுவாக அவிழ்த்தாள்.

"பிள்ளையைத் தாராளமா அனுப்பு அக்கா. அந்தக் காலை எந்த ஊருக்கு அனுப்புவே?"