படகின் முனையில் யார்?

நைல் நதியின் மேற்குக் கரையில் நெப்ரே என்றொரு ஒற்றைக்கண் சிற்பி இருந்தான். தலை நரைத்த பிறகும் ஆசான் பாஷெதுவிடம் சீடனாகவே காலம் தள்ளினான். மறுகண்ணைப் பறித்தவன் வேறு யாருமல்ல, கூடப்பிறந்த தம்பி காஹா. வரப்புச் சண்டையில் மண்வெட்டியை வீசிவிட்டு ஊரைவிட்டே ஓடியவன், இப்போது திரும்பி வந்து கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான். அண்ணன் வா என்றால்தான் வீட்டுக்குள் வருவானாம். இல்லையென்றால் பொழுது சாய்வதற்குள் பாலைவனத்துக்கே போய்விடுவானாம்.

நெப்ரே அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கல்லறைக்குள் வேலைக்கு வந்துவிட்டான்.

அன்று சுவரில் செதுக்க வேண்டியது சூரியனின் இரவுப் பயணம். சூரியக் கடவுள் ரா படகேறிப் பாதாளத்தைக் கடக்கிறார். அபோபிஸ் என்ற பெரும்பாம்பு அவரை விழுங்க வருகிறது. விழுங்கிவிட்டால் உலகத்துக்கு விடியலே கிடையாது. படகின் முனையில் நின்று அதை ஈட்டியால் குத்துகிறவர் சேத் என்ற கடவுள். அண்ணன் ஒசிரிஸைக் கொன்றவரும், அண்ணன் மகன் ஹோரஸின் கண்ணைப் பிடுங்கியவரும் இதே சேத்தான்.

சீடன் சிவப்பு மையால் வரைவான், ஆசான் கறுப்பு மையால் திருத்துவார், அதன் பிறகே உளி. அதுதான் அவர்கள் வழக்கம்.

நெப்ரே வரைந்ததை பாஷெது விளக்கைத் தூக்கிப் பார்த்தார். முனையில் சேத் இல்லை. எழுதுகோலும் பலகையுமாக அறிவுக் கடவுள் தோத் நின்றிருந்தார்.

“பாம்பு வாயைப் பிளக்கும்போது இவர் என்ன செய்வார்? அதன் பல்லை எண்ணிக் குறித்துக்கொள்வாரோ?”

நெப்ரே சிரிக்கவில்லை. கண்ணைப் பிடுங்கிய கையைத் தன் கையால் செதுக்க முடியாது என்றான். கொலைகாரனுக்குப் படகில் இடம் கொடுத்தது எந்த ஊர் நியாயம் என்றும் கேட்டான்.

ஆசான் கறுப்பு மையைத் தொடவில்லை. ஈரத்துணியால் தோத்தைத் துடைத்துவிட்டுத் தூரிகையை அவனிடமே நீட்டினார்.

“பாம்பைத் தடுக்கக்கூடிய ஒருவரை நீயே நிறுத்து.”

நெப்ரே ஒவ்வொரு கடவுளாக நினைத்துப் பார்த்தான். எல்லோரும் நல்லவர்கள்தான், ஆனால் யாரை நிறுத்தினாலும் பாம்பு ஒரே வாயில் விழுங்கிவிடும் போலிருந்தது. ஆளில்லாத முனையையும் பிளந்த வாயையும் பார்க்கப் பார்க்க அவனுக்கே பயம் வந்தது.

“அந்தச் சேத்தைப் படகில் ஏற்றியது யார், ஆசானே?”

“சூரியக் கடவுள் ராவேதான்.”

“அவன் செய்ததெல்லாம் தெரியாமலா?”

“தெரிந்தேதான். ஈட்டியையும் கொடுத்து, கண்முன்னால் நிறுத்திக்கொண்டார்.”

நெப்ரே தூரிகையைச் சிவப்பு மையில் தோய்த்தான். பிறகு வரைய ஆரம்பித்தான். சேத்தின் விலங்குத் தலை, வளைந்த மூக்கு, நுனி சதுரமான காதுகள், ஓங்கிய ஈட்டி. ஒரு கோடு கோணலாகிவிட்டது. ஆசான் அதைத் திருத்தவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு, கிணற்றடிவரை போய் வருவதாகச் சொல்லிப் புறப்பட்டான் நெப்ரே. வாசல்வரை போனவன் நின்று திரும்பினான்.

“சேத் திருந்திவிட்டாரா, ஆசானே?”

“அப்படி எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் இன்றைக்கும் விடிந்திருக்கிறது, நெப்ரே.”