தேவாங்கு சுற்றிய நார்

மலையடிவாரக் காட்டில் ஒரு குளம் இருந்தது. குளக்கரையில் ஒரு பெரிய மருதமரம். அதன் நடுவில் ஆழமான ஒரு பொந்து. எவ்வளவு மழை பெய்தாலும் அதற்குள் ஒரு சொட்டு விழாது.

ஆண்டுதோறும் மழைக்காலம் தொடங்குமுன் அங்கே உண்டிகோல் போட்டி நடக்கும். கவைக்கொம்பின் இரண்டு நுனியிலும் ரப்பர் மரப்பால் வாரைக் கட்டி, நடுவில் கூழாங்கல்லை வைத்து இழுத்து அடிக்க வேண்டும். குளத்துக்கு மேலே கொடியில் ஒரு விளாங்காய் தொங்கும். ஆளுக்கு ஐந்து கல். காயை அதிக முறை அடித்தவருக்கு அந்த மழைக்காலம் முழுவதும் மருதமரப் பொந்து சொந்தம்.

நடுவர் காட்டெருமை. குளம்புக் காலால் உண்டிகோல் பிடிக்க முடியாது. அதனால் பக்கம் சாயவும் வழியில்லை.

மூன்று ஆண்டுகளாகக் குரங்குதான் வென்றது. தன்னைத்தானே 'குறிதப்பான்' என்று அழைத்துக்கொள்ளும். உண்மையில் குரங்குக்குப் பொந்து எதற்கு? அது கிளையில் தூங்குகிற பிராணி. வென்றவன் என்று ஊர் பார்க்க வேண்டும். அதற்காகப் பொந்து வாசலில் வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும்.

அந்த ஆண்டு ஒரு தேவாங்கும் போட்டிக்குப் பெயர் கொடுத்தது. அது குடியிருந்த வாகைமரம் காற்றில் சாய்ந்துவிட்டது. வயிற்றில் இரண்டு குட்டிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. அவை மழையில் நனைந்தால் பிழைக்கா.

தேவாங்குக்குக் கண் பெரியது. குறி பார்த்தால் பார்த்ததுதான். ஆனால் கையில் ஒரு சங்கடம். தேவாங்கு இனத்துக்கே ஆட்காட்டி விரல் கிடையாது என்று சொல்லிவிடலாம். ஒரு பொட்டு போல இருக்கும், அவ்வளவுதான். கொம்பைப் பிடித்து வாரை இழுத்தால் கொம்பு கைக்குள் சுழன்றுவிடும். கல் எங்கேயோ போகும்.

தேவாங்கு இரண்டு நாள் யோசித்தது. பிறகு கற்றாழை நாரை எடுத்துக் கைப்பிடியில் சுற்றியது. நார் பருமனாக ஏறியதும் கொம்பு கைக்குள் அசையாமல் நின்றது. பழகிப் பார்ப்பதற்காகக் கிளையில் தொங்கிய ஒரு காயை மெதுவாகக் குறி பார்த்தது. மெதுவாக இழுத்தது. விட்டது.

'டொக்!'

அடுத்த கல்லும் டொக்! அதற்கடுத்ததும் டொக்!

மேலே கிளையில் இருந்த குரங்கு இதைப் பார்த்தது. கையிலிருந்த நாவற்பழம் நழுவிக் கீழே விழுந்தது. குரங்கு நேராகக் காட்டெருமையிடம் ஓடியது.

"ஐயா! அநியாயம்! தேவாங்கு உண்டிகோலில் நார் சுற்றியிருக்கிறது! அது உண்டிகோலே இல்லை, மந்திரக்கோல்!"

காட்டெருமை அசைபோட்டபடி கேட்டது. "நார் சுற்றக் கூடாது என்று விதி இருக்கிறதா?"

"இல்லை. அதனால்தான் இப்போதே போட வேண்டும்!"

கூட்டம் கூடியது. போட்டியில் ஆடும் மலையணில் வந்தது. கரடியும் வந்தது. விதிகளைப் பட்ட தேக்குமரத்தில் கொத்திவைக்க மரங்கொத்தி வந்து உட்கார்ந்தது. தேவாங்கும் வந்து ஒரு தாழ்ந்த கிளையில் தொற்றிக்கொண்டது.

குரங்கு எழுந்து நின்றது. "மரம் தந்த கொம்பு தந்தபடியே இருக்க வேண்டும். அதில் எதையும் கட்டக் கூடாது. இது முதல் விதி!"

"சரிதான்!" என்றது மலையணில். தேவாங்கு அடித்ததை அதுவும் பார்த்திருந்தது.

தேவாங்கு பேசுவதற்காக வாயைத் திறக்கத் தொடங்கியது. தேவாங்குக்கு எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும்.

அதற்குள் மலையணில் குரங்கின் உண்டிகோலை உற்றுப் பார்த்தது. "அது சரி, குரங்கண்ணே, உன் கொம்பில் பட்டையைக் காணோமே? வழவழவென்று தேய்த்து வைத்திருக்கிறாய்!"

"நான் எதையும் கட்டவில்லையே! கழித்தேன், அவ்வளவுதான்."

"அப்படியா? எதையும் கழிக்கவும் கூடாது! இரண்டாம் விதி! கொத்து, மரங்கொத்தி!"

டக் டக் டக் என்று மரங்கொத்தி கொத்தியது.

குரங்குக்குக் கோபம் வந்தது. "உன் கொம்பில் மட்டும் என்ன? கவைக்கு நடுவே பல்லால் ஒரு வெட்டு வைத்திருக்கிறாய்! அதன் வழியாகத்தானே குறி பார்க்கிறாய்?"

"அது... பல் பட்டுவிட்டது. என் பல் அப்படி."

"பல் படவும் கூடாது! மூன்றாம் விதி!"

கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "நல்லா மாட்டினீங்க ரெண்டு பேரும்!"

இருவரும் சட்டென்று கரடி பக்கம் திரும்பினார்கள்.

"உன் உள்ளங்கை ஏன் பிசுபிசுவென்று இருக்கிறது?" என்றது குரங்கு. "தேன்! கொம்பு வழுக்காமல் இருக்கத் தேன் தடவியிருக்கிறாய்!"

"அட, நான் காலையில சாப்பிட்டது தேன்! கையாலதான சாப்பிடணும்?"

"எதையும் தடவக் கூடாது! நான்காம் விதி!"

"அப்ப வாலை மரத்துல சுத்திக்கிட்டு அடிக்கவும் கூடாது!" என்று கரடி கத்தியது. "ஐந்தாம் விதி!"

"கரடி மாதிரி உட்கார்ந்துகொண்டு அடிக்கவும் கூடாது!"

"அணில் மாதிரி தலைகீழாத் தொங்கிக்கிட்டும் கூடாது!"

மரங்கொத்திக்கு மூச்சு வாங்கியது. அடியிலிருந்து கொத்தத் தொடங்கிப் பாதி மரம் ஏறிவிட்டது. பதினோராம் விதியைக் கொத்தும்போது அலகு சூடாகிவிட்டதாகச் சொல்லி, குளத்தில் முக்கிவிட்டு வந்தது. "இனிமேல் விதி போடுகிறவர் அவரவரே கொத்திக்கொள்ளுங்கள்!" என்றது.

அத்துடன் கூட்டம் கலைந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். அப்போதுதான் தேவாங்கின் வாய் முழுவதும் திறந்தது.

"ஒரு... நிமிடம்..." என்றது.

கேட்க யாரும் இல்லை.

போட்டி நாள் வந்தது. மேற்கே கருமேகம் கட்டியிருந்தது. காற்றில் மண்வாசனை.

உண்டிகோல்களைச் சோதிக்க மரங்கொத்தி தயாராக நின்றது. முதலில் வந்தது தேவாங்கு. முந்தின நாளே கிளம்பியிருந்ததால் முதலில் வந்து சேர்ந்தது. கையில் அதே நார் சுற்றிய உண்டிகோல். அந்த வேகத்துக்குப் புதுக் கொம்பு தேட நேரமேது?

"முதல் விதி. எதையும் கட்டக் கூடாது. நீ ஆட முடியாதம்மா" என்றது மரங்கொத்தி. அதற்கே குரல் இறங்கிவிட்டது.

தேவாங்கு வானத்தைப் பார்த்தது. குனிந்து குட்டிகளைப் பார்த்தது. ஒதுங்கி நின்றது.

"அடுத்த ஆண்டு வா!" என்று குரங்கு குதித்தது. "இப்போது என் புதுக் கொம்பைப் பார்!"

அது நீட்டிய கொம்பை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கொம்பு முழுக்க இலை. ஒரு பக்கம் பூங்கொத்து. மூன்று எறும்புகள் வேறு ஊர்ந்துகொண்டிருந்தன.

"எதையும் கழிக்கக் கூடாதே!" என்றது குரங்கு பெருமையாக.

மலையணிலின் கொம்பிலும் இலை. கரடி கொண்டுவந்தது கொம்பே இல்லை, ஒரு சின்ன மரம். இலைக்குள் அதன் மூக்கு மட்டும் தெரிந்தது.

"கரடி, விளாங்காய் தெரிகிறதா?" என்று காட்டெருமை கேட்டது.

"காயா? குளமே தெரியலீங்க ஐயா! நான் எந்தப் பக்கம் பாத்து நிக்கிறேன்?"

மரங்கொத்தி மூன்று கொம்புகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. தலையைச் சாய்த்தது. "எல்லாம் சரி. ஆனால் வார் கட்டியிருக்கிறீர்களே!"

"வார் இல்லாமல் எப்படி அடிப்பது?" என்றது குரங்கு.

"எதையும் கட்டக் கூடாது என்று நீதான் கொத்தச் சொன்னாய். வாரும் கட்டியதுதானே? அவிழ்!"

வாரை அவிழ்த்தார்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு இலைக்கொம்பைப் பிடித்துக்கொண்டு குளக்கரையில் வரிசையாக நின்றார்கள். பார்ப்பதற்கு ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு வந்தவர்கள் போல இருந்தது.

கூழாங்கல்லை என்ன செய்வதென்று தெரியாமல் கரடி அதை வாயில் போட்டுக்கொண்டது.

காட்டெருமை அசைபோடுவதை நிறுத்தியது. அது அப்படி நிறுத்துவது அபூர்வம். "போட்டியை விட்டுவிடலாமா?" என்று கேட்டது. "இல்லை, யாருக்காவது சொல்ல ஏதாவது இருக்கிறதா?"

"எனக்கு... இருக்கிறது... ஐயா" என்றது தேவாங்கு.

இந்த முறை எல்லோரும் காத்திருந்தார்கள். அவர்களுக்கு வேறு வேலையும் இல்லை.

"என் நாரில்... மந்திரம் இருந்தால்... குரங்கண்ணன்... அதை வாங்கி... அடித்துப் பார்க்கட்டும். அவர் கையிலும்... குறி கூடினால்... நான் போய்விடுகிறேன்."

குரங்கின் கண் மின்னியது. "கொடு!" என்று பிடுங்கிக்கொண்டது. மந்திரக்கோல் கைக்கு வந்துவிட்டது என்ற நினைப்பு அதற்கு!

கல் வைத்தது. இழுத்தது. விட்டது. கல் காய்க்கு ஒரு முழம் தள்ளிப் பறந்தது. நீண்ட விரல்களுக்கு அந்தப் பருத்த பிடி ஒத்துவரவில்லை. இரண்டாவது கல் தவளை ஒன்றைத் தண்ணீருக்குள் துரத்தியது. மூன்றாவது கல் பக்கவாட்டில் போய்க் காட்டெருமையின் கொம்பில் பட்டது.

'டங்!'

"இதில் ஏதோ சூது இருக்கிறது!" என்றது குரங்கு.

"இப்ப உண்டிகோல் உன் கையிலதான அண்ணே இருக்கு?" என்றது கரடி. எல்லோரும் சிரித்தார்கள்.

காட்டெருமை தலையைச் சிலுப்பிக்கொண்டது. "மலையணில், பல் வெட்டு வைத்த உன் பழைய கொம்பை எடுத்து வா. கரடி அதில் அடிக்கட்டும்."

மலையணில் தயங்கியது. பிறகு மரத்தில் ஏறி எடுத்து வந்து கொடுத்தது. ஆறு ஆண்டுகளாகப் போட்டியில் ஆடும் கரடி அதுவரை ஒருமுறைகூடக் காயைத் தொட்டதில்லை. ஒற்றைக் கண்ணை மூடி, வெட்டு வழியாகப் பார்த்தது. விட்டது.

'டொக்!'

கரடிக்கு நம்ப முடியவில்லை. "பட்டுச்சா? நெசமாவே பட்டுச்சா?" என்று மரங்கொத்தியைக் கேட்டது. பட்டது என்று தெரிந்ததும் கரையெல்லாம் உருண்டு ஆடியது. வாயிலிருந்த கூழாங்கல்லை அப்போதுதான் துப்பியது.

காட்டெருமை தீர்ப்புச் சொன்னது. "பல் வெட்டு யார் கையில் இருந்தாலும் குறியைக் கூட்டுகிறது. ஆகவே அது எல்லோருக்கும் வேண்டும், இல்லாவிட்டால் ஒருவருக்கும் வேண்டாம். நார் தேவாங்கின் கைக்கு மட்டும்தான் உதவுகிறது. நமக்கெல்லாம் பிறக்கும்போதே கிடைத்த விரலை அது நாரால் செய்துகொண்டிருக்கிறது. அதைத் தடுக்க மாட்டேன். இனி ஒரே விதி. எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். மற்றவர் கேட்டால் வாங்கி அடித்துப் பார்க்கக் கொடுக்க வேண்டும்."

"பதினோரு விதியையும் நான் அழிக்க வேண்டுமா?" என்று மரங்கொத்தி அலறியது.

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும். படித்துச் சிரிப்போம்."

எல்லோரும் பழைய உண்டிகோல்களை எடுத்து வந்தார்கள். யாருக்கும் வெட்டு இல்லாமல் இருக்கக் கூடாதென்று மலையணிலே எல்லாக் கொம்பிலும் பல்லால் வெட்டு வைத்துக் கொடுத்தது. போட்டி தொடங்கியது.

கரடி இரண்டு அடித்தது. மலையணில் நான்கு. குரங்கும் நான்கு. கடைசியாகத் தேவாங்கு. வெல்ல வேண்டுமானால் ஐந்தும் பட வேண்டும்.

முதல் கல் டொக். இரண்டாவது டொக். ஒவ்வொரு கல்லுக்கும் தேவாங்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் கரடி ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தது. மூன்றாவதும் பட்டது. நான்காவதும் பட்டது.

"ஐயா!" என்று குரங்கு துள்ளியது. "ஒரு கல்லுக்கு இவ்வளவு நேரம்தான் என்று ஒரு விதி..."

"இன்னொரு விதியா!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். குரங்கு இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டது.

ஐந்தாவது கல். தேவாங்கு இழுத்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பி விளாங்காயை ஆட்டியது. பெரிய கண்கள் காயோடு சேர்ந்து இப்படியும் அப்படியும் அசைந்தன. காற்று தணியும்வரை தேவாங்கு அசையவில்லை. காய் நின்றது. விட்டது.

'டொக்!' காய் காம்போடு அறுந்து குளத்தில் விழுந்தது.

கரடி குதித்தது. மலையணில் வாலைக் கொடி போல ஆட்டியது. அப்போது முதல் மழைத்துளி காட்டெருமையின் மூக்கில் விழுந்தது.

தேவாங்கு மருதமரத்தை நோக்கி ஒரு கையை எடுத்துவைத்தது. பிறகு ஒரு காலை எடுத்துவைத்தது. அந்த வேகத்தில் போய்ச் சேருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிடும்.

குரங்கு அதைப் பார்த்தது. தலையைச் சொறிந்தது. இறங்கி வந்து முதுகைக் காட்டியது.

"ஏறிக்கொள் தங்கச்சி! குட்டிகளைக் கெட்டியாகப் பிடி!"

மூன்றே தாவலில் நாலு பேரும் பொந்து வாசலில் இருந்தார்கள். மழை கொட்டியது. உள்ளே குட்டிகள் காய்ந்த இலைமேல் சுருண்டு தூங்கின.

ஒருவரை வெளியே நிறுத்துவதற்காக விதி எழுதினால் எழுதியவரும் வெளியே நிற்க வேண்டிவரும். எல்லோரும் ஆடுவதற்காக எழுதும் விதியே நியாயமான விதி.