பச்சையாய் எரிந்த பள்ளம்

"தாயே, விடிஞ்சதும் நான் ஊருக்குக் கிளம்பறேன்."

செங்கமலத் தாய் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

"ஏண்ணே?"

குருவான தாய்க்கு வயது முப்பத்தைந்துக்குள்தான். சீடர் வையாபுரிக்கு அறுபது ஆகிறது. இவர் குருவைத் தாயே என்பார். குரு இவரை அண்ணே என்பார். மனசு அடங்க வேண்டும் என்று, மளிகைக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு மலையேறி வந்தவர் வையாபுரி. மழை பிடித்த நாளிலிருந்து அந்த மனசு அலறிக்கொண்டிருந்தது.

"அந்தப் பள்ளம்தான், தாயே."

குடிலுக்குக் கீழே காட்டுப் பள்ளம். இருட்டினால் போதும், அங்கே பச்சையாக ஏதோ எரியும். புகை இல்லை, சத்தம் இல்லை. தரையோடு தரையாக யாரோ கண்ணைத் திறந்து படுத்திருப்பதுபோல.

"மக்கின மரம்ணே. ஈரத்துல பூஞ்சை பிடிச்சா மினுங்கும். அன்னிக்கே சொன்னேனே."

"சொன்னீங்க. பகல்ல நானே போய்ப் பார்த்தேன். வெறும் கட்டை. ராத்திரியானா கொள்ளிவாய்ப் பிசாசாத்தான் தெரியுது. தெரிஞ்சும் பயப்படறவனுக்கு ஞானம் எங்கேருந்து வரும்?"

தாய் இன்னொரு விறகை அடுப்பில் வைத்தார்.

அப்போது பள்ளத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாராச்சும்... வாங்களேன்..."

வையாபுரி எழுந்து வாசலை மறித்தார்.

"போகாதீங்க தாயே! பேய் இப்படித்தான் கூப்பிடும். மூணு தடவை கூப்பிட்டாத்தான் மனுசன்."

இரண்டாம் தடவையும் குரல் வந்தது. கொஞ்சம் மெலிந்து.

காத்திருந்தார்கள். மூன்றாவது வரவேயில்லை.

"பார்த்தீங்களா!" என்றார் வையாபுரி.

"தெம்பு தீர்ந்துபோச்சோ என்னமோ."

தாய் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினார். குடிலில் தனியாக இருக்கப் பயந்து வையாபுரியும் பின்னால் ஓடினார்.

பாதிச் சரிவில் அவர் கால் வழுக்கியது. தாயைப் பிடித்தார். இருவரும் உருண்டார்கள். மெத்தென்று எதன்மேலோ விழ, அது பொலபொலவென்று உதிர்ந்தது. விளக்கின் கண்ணாடி சிதறி, திரி அணைந்தது.

இருட்டு.

பிறகு, மெல்ல மெல்ல, பச்சை. நாலா பக்கமும்.

வையாபுரி கண்ணை இறுக மூடிக்கொண்டு தாயின் கையைப் பற்றினார். அது ஜில்லென்று இருந்தது. வெடவெடவென்று நடுங்கியது.

"தாயே... உங்களுக்குமா பயம்?"

"ஆமாண்ணே."

"அப்போ திரும்பிடலாம்."

"கையை விட்டுடாதீங்க," என்றார் தாய். முன்னால் நடந்தார்.

பாறை இடுக்கில் ஒரு ஆள் கிடந்தான். கடுக்காய் பொறுக்க வந்தவன். ஒரு கால் முறிந்து மடங்கியிருந்தது. இவர்களைக் கண்டதும் முறிந்த காலை இழுத்துக்கொண்டு பின்னுக்கு நகரப் பார்த்தான்.

"கிட்ட வராதீங்க! எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குது. விட்டுடுங்க, சாமி!"

தன் முதுகுக்குப் பின்னால் என்ன நிற்கிறதோ என்று வையாபுரி கண்ணைத் திறந்து வெடுக்கெனத் திரும்பினார்.

எதுவும் இல்லை.

குனிந்து பார்த்தார். வேட்டி, முழங்கால், நெஞ்சு, இரண்டு கை. எல்லாம் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்ட மக்கின மரத்தின் தூள்.

அந்த ஆள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

வையாபுரி தாயைப் பார்த்தார். தாயின் உடம்பும் மினுங்கியது.

வையாபுரி மெதுவாக மண்டியிட்டார். எரிகிற கையை அவன் பக்கம் நீட்டினார்.

"தொட்டுப் பாருப்பா. நடுங்குது பாரு. பேய்க்கு நடுங்குமா?"