ஸ்பீக்கர் இல்லாத கச்சேரி

தூத்துக்குடியில் ரெஜினா டீச்சரிடம் கிட்டார் படித்தவர்களில் மகிமைதாஸ்தான் மூத்தவர். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. டீச்சருக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. மகிமைதாஸ் துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாலு பேரைச் சேர்த்து ஓர் இசைக்குழு நடத்திவந்தார். அதில் பாடகன் செல்வின்.

ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு கல்யாண வீட்டில் பாடிவிட்டுத் திரும்பும்போது வேன் லாரியில் மோதியது. வேனில் மகிமைதாஸும் செல்வினும் மட்டும்தான். செல்வின் அங்கேயே இறந்துபோனான். ஓட்டிய மகிமைதாஸுக்கு நெற்றியில் நாலு தையல். லாரிக்காரர் மேல் வழக்குப் போட்டார்கள்.

செல்வினுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மகள் ஹன்னாவின் பிறந்தநாளுக்கு ஊரிலுள்ள குழுக்களை வீட்டுக்குக் கூப்பிடுவான். மைக், ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. பாய் விரித்து, வெறும் கிட்டாரும் குரலுமாகப் பாடுவார்கள். இந்த வருஷமும் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தாள். செல்வின் மனைவி எஸ்தர் எல்லாரையும் அழைத்தாள்.

அன்று காலை மகிமைதாஸ் டீச்சரைத் தேடிப் போனார். அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். லாரி அதன் பாதையில்தான் வந்தது. கீழே விழுந்த போனை எடுக்கக் குனிந்தவர் அவர்தான்.

பிறகு கேட்டார்.

"செல்வினுக்காக ஒரு பாட்டு கட்டியிருக்கேன் டீச்சர். அதை அங்க பாடினா போதும்ல?"

 சாயங்காலம் தானும் வருவதாக மட்டும் டீச்சர் சொன்னார்.

முதலில் கல்லூரிப் பையன்களின் குழு இரண்டு பாட்டுப் பாடியது. ஜனங்கள் கைதட்டினார்கள். அடுத்தது மகிமைதாஸின் முறை. அவர் தந்திகளை ஒருமுறைதான் மீட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் கை நீட்டி, தந்திகளின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். சத்தம் அடங்கியது.

"எஸ்தர் அடுக்களையில இருக்காங்க," என்றார் மெதுவாக.

மகிமைதாஸ் எழுந்து போனார்.

எஸ்தர் காகிதத் தட்டுகளில் மிக்சர் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். சமாதானம் எதுவும் சேர்க்கவில்லை. அவள் கை தட்டின்மேல் அப்படியே நின்றது. 

"அந்த லாரிக்காரர் வீட்டு வாசல்ல போய் மண்ணை வாரித் தூத்திட்டு வந்தேன்," என்றாள். "அவர் பொண்டாட்டி கைப்பிள்ளையோட நின்னா. திருப்பி ஒரு வார்த்தை பேசல."

அவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் வேண்டாமென்று கையைக் காட்டினாள்.

"பிள்ளைக்கு இன்னைக்குத் தெரிய வேண்டாம். அவ கேக்கறதைப் பாடிட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போங்க. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்க."

அவர் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தார். ஹன்னா அவர் முன்னால் நகர்ந்துவந்து, அப்பா எப்போதும் முதலில் பாடும் பாட்டைக் கேட்டாள். மகிமைதாஸ் கிட்டாரை மடியில் வைத்தார். 

"கை நடுங்குது டீச்சர்," என்றார் டீச்சரின் காதருகே. "தப்பா வாசிச்சிடுவேன்."

"தப்பு கேக்கட்டும்," என்றார் டீச்சர். "வாசிங்க."